குடித்தால் பசிக்குமா, பசி போகுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எடை குறைக்க வேண்டும் என்று வாரம் முழுக்க அளந்து சாப்பிடுகிறீர்கள். நண்பர்களோடு உட்கார்ந்து இரண்டு பெக் குடிக்கிற இரவுகளில் மட்டும் வயிறு நிறைந்த பிறகும் கை தட்டுக்கே போகிறது. இது ஆல்கஹால் செய்கிற வேலையா, இல்லை 'ஒரு நாள்தானே' என்று மனம் விட்டுக்கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். குடிக்கப்போகிற அன்று பகலில் பட்டினி கிடந்து கணக்கை நேர் செய்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு சந்தேகம். உங்களைவிடப் பல மடங்கு குடிக்கிற உங்கள் அண்ணனுக்குச் சாப்பாடே இறங்குவதில்லை, ஆள் மெலிந்துகொண்டே போகிறார். அப்படியிருக்க, குடித்தால் பசிக்கும் என்பது எப்படி உண்மையாகும்? ஆக, ஒரே பொருள் ஒருவரைச் சாப்பாட்டை விட்டு எழவிடாமலும் இன்னொருவரைச் சாப்பாட்டுப் பக்கமே வரவிடாமலும் எப்படிச் செய்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி. நான் உணவியல் படித்து, மருத்துவமனையில் பல ஆண்டுகளாக உணவு ஆலோசனை கொடுத்து வருகிறேன். எடை கூடிவிட்டது என்று வருபவர்களையும், குடியால் உடம்பு கரைந்து வார்டில் படுத்திருப்பவர்களையும் சேர்த்தே பார்க்கிற வேலை இது. அதனால் உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. அளவாகக் குடிக்கிற, வேறு நோயில்லாத ஒருவர், குடித்த அந்த வேளையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுகிறார். இதைப் பல நாடுகளில் பல குழுக்கள் சோதித்துப் பார்த்திருக்கின்றன. அந்தச் சோதனைகளை ஒன்றுதிரட்டி அலசிய கட்டுரை ஒன்று 2019-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன் இதழில் வந்தது. ஆல்கஹால் இல்லாத பானம் குடித்தவர்களோடு ஒப்பிட்டால், ஆல்கஹால் குடித்தவர்கள் சாப்பாட்டில் மட்டும் சராசரியாக 80 கலோரி அளவுக்குக் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். பானத்தில் இருந்த கலோரியையும் சேர்த்தால் வித்தியாசம் 250 கலோரிக்குப் பக்கத்தில் வந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'குடித்தால் பசி பிய்த்துக்கொள்ளும்' என்று எல்லோரும் பேசுகிற அந்தக் கூடுதல் சாப்பாடு சராசரியில் சிறியதாகத்தான் இருக்கிறது. பெரிய பங்கு கிளாஸிலேயே இருந்திருக்கிறது.

என்னிடம் வருபவர்களுக்குப் புரியவைக்க நான் அதிகம் பாடுபடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு கிராம் மாவுச்சத்து சுமார் 4 கலோரி தரும், புரதமும் அப்படியே, கொழுப்பு 9. ஆல்கஹால் 7. 40 சதவீத மது 60 மில்லியில் ஏறத்தாழ 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதுவே 130 கலோரிக்கு மேல். 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் ஆல்கஹாலும் மாவுச்சத்துமாகச் சுமார் 140 கலோரி. கூடக் கலக்கிற இனிப்பு பானம் தனிக் கணக்கு. சாதாரணமாக நீங்கள் மாலையில் 250 கலோரிக்கு ஏதாவது கெட்டியாகச் சாப்பிட்டால், அடுத்த வேளையில் உங்களை அறியாமலேயே கொஞ்சம் குறைத்துக்கொள்வீர்கள். முழுதாகக் குறைக்க மாட்டீர்கள், ஆனாலும் உடம்பு ஓரளவு கணக்கு வைத்திருக்கும். ஆல்கஹாலில் வருகிற கலோரியை உடம்பு அப்படி ஈடு செய்வதாகத் தெரியவில்லை. திரவமாக உள்ளே போகிற எந்தக் கலோரியும் வயிறு நிறைந்த உணர்வைக் குறைவாகத்தான் தரும். ஆல்கஹால் அதிலும் மோசம். 1999-ல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், மதிய உணவுக்கு அரை மணி நேரம் முன்பு மதுவையும், அதே கலோரி கொண்ட வேறு பானங்களையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மது குடித்தவர்கள் வேகமாகவும், கூடுதல் நேரமும், கூடுதல் அளவும் சாப்பிட்டார்கள். அன்றைய நாள் முடியும்வரை பார்த்தும் அந்தக் கூடுதல் ஈடாகவில்லை. எனவே குடித்த இரவில் வழக்கமான அளவையே சாப்பிட்டாலும் கணக்கில் நீங்கள் கூடுதலாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். எடையைப் பொறுத்தவரை, உங்கள் கேள்வியில் வந்த அந்தத் தட்டைவிடக் கேள்வியில் வராத கிளாஸ்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சரி, அந்த 80 கலோரி எங்கிருந்து வருகிறது? உடம்பா, மனமா? இதைப் பிரித்துப் பார்ப்பது எளிதில்லை. தனக்குக் கொடுத்தது மது என்று குடிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். தெரிந்ததும், மது என்றால் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்ற அவருடைய எதிர்பார்ப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைத் தாண்ட ஆய்வாளர்கள் எடுத்த முயற்சிகள் சுவாரசியமானவை. 1976-ல் போலிவி, ஹெர்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சிலருக்கு ஆல்கஹாலை ஆல்கஹால் என்று சொல்லியும், சிலருக்கு அதையே வைட்டமின் சி என்று சொல்லியும் கொடுத்தார்கள். எப்போதும் உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருப்பவர்கள், தாங்கள் குடித்தது மது என்று தெரிந்தபோது கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வைட்டமின் என்று நம்பியபோது அப்படி நடக்கவில்லை. உங்கள் 'ஒரு நாள்தானே' இதில் அப்படியே தெரிகிறது. வாரம் முழுக்க இழுத்துப் பிடித்திருக்கிற ஒருவருக்குக் குடி ஒரு அனுமதிச் சீட்டாக வேலை செய்கிறது என்றே நான் நினைக்கிறேன். என்னிடம் வருபவர்களிலும், உணவுக் கட்டுப்பாட்டில் மிகக் கறாராக இருப்பவர்கள்தான் குடித்த இரவில் அதிகமாக நழுவுகிறார்கள். இது என் அனுபவத்தில் கண்டது, ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் எல்லாம் மனம்தான் என்று முடித்துவிடவும் முடியாது. 2015-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் நடந்த ஆய்வில் 35 பெண்களுக்கு ஆல்கஹாலை வாய் வழியாகக் கொடுக்காமல் நரம்பில் ஏற்றினார்கள். இன்னொரு நாள் வெறும் உப்புநீர் ஏற்றினார்கள். வாயில் சுவை இல்லை, வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. அந்த நிலையில் உணவு வாசனையையும் உணவல்லாத வாசனையையும் முகரவைத்து மூளையை ஸ்கேன் செய்தபோது, ஆல்கஹால் ஏறிய நாளில் உணவு வாசனைக்கு ஹைப்போதலாமஸ் கூடுதலாகத் துடித்தது. பசியையும் நிறைவையும் கவனிக்கிற மூளைப் பகுதி அது. அப்புறம் சாப்பிடவிட்டபோது அவர்கள் சராசரியாக 7 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அதே ஆய்வில் மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் ஆல்கஹால் ஏறிய நாளில் குறைவாகவே சாப்பிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சராசரி என்று ஒன்று இருப்பதால் எல்லோரும் அப்படி என்று ஆகிவிடாது. 'எனக்கெல்லாம் குடித்தால் பசியே எடுக்காது' என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒரு படி கீழே போனது 2017-ல் லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிலையத்திலிருந்து வந்த எலி ஆய்வு. எலிகளுக்கு மூன்று நாள் தொடர்ந்து ஆல்கஹால் செலுத்தினார்கள். மனிதக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு பாட்டில் ஒயினுக்குச் சமமான, மிகப் பெரிய அளவு. அந்த மூன்று நாளும் எலிகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தின்றன. எலிக்கு நண்பர்கள் இல்லை, வார இறுதி இல்லை, குற்ற உணர்வு இல்லை. ஆய்வாளர்கள் மூளையைப் பார்த்தபோது, சாதாரணமாகப் பட்டினி கிடக்கும்போது கிளர்ந்தெழுகிற, ஹைப்போதலாமஸில் இருக்கிற ஒரு வகை நரம்பணுக்கள் ஆல்கஹாலால் கிளர்ந்திருந்தன. அந்த நரம்பணுக்களை முடக்கிவிட்டுச் செலுத்தியபோது கூடுதல் தீனி நின்றுபோனது. கலோரி நிறைய உள்ளே வந்தும் மூளைக்குப் பட்டினிச் செய்தி போகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே தூக்கி வைக்கக்கூடாது. அளவும் வேறு, செலுத்திய விதமும் வேறு. என்றாலும் ஹைப்போதலாமஸ் இரண்டிலும் வருவது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் பரவலாகச் சொல்லப்படுகிற மூன்று விளக்கங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒன்று, ஆல்கஹால் பசி ஹார்மோனைக் கூட்டுகிறது என்பது. பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் குடித்த சிறிது நேரத்தில் ரத்தத்தில் குறைவதாகத்தான் அளந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நிறைவைச் சொல்கிற லெப்டினும் குறைகிறது. ஒன்று பசியைக் குறைக்க வேண்டும், இன்னொன்று கூட்ட வேண்டும். எனவே ஹார்மோன் கதை பொருந்திப்போகவில்லை, அதை உறுதியாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. இரண்டு, ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்குவதால் பசிக்கிறது என்பது. நன்றாகச் சாப்பிட்டிருக்கிற ஆளுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. கல்லீரலில் சேமிப்புச் சர்க்கரை இருக்கிறது, அது சமாளித்துவிடும். பட்டினி கிடந்தவருக்குக் கதை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். மூன்று, வயிற்றில் அமிலம் சுரப்பதால் பசிக்கிறது என்பது. பீரும் ஒயினும் அமிலச் சுரப்பை நன்றாகவே தூண்டும், காய்ச்சி வடித்த மதுவகைகள் அந்த அளவுக்குத் தூண்டுவதில்லை. ஆனால் அமிலம் தருவது எரிச்சல். அதைப் பசி என்று எண்ணி எதையாவது உள்ளே தள்ளுபவர்கள் உண்டு.

நடைமுறையில் அதிகம் நடப்பது, என் கணிப்பில், கட்டுப்பாடு தளர்வதுதான். போதும் என்று கையை நிறுத்துவது மூளையின் ஒரு வேலை. ஆல்கஹால் முதலில் மழுங்கடிக்கிற வேலைகளில் அதுவும் ஒன்று. 2016-ல் இங்கிலாந்தில் பெண்களிடம் நடந்த ஆய்வில், மது குடித்த பிறகு பிஸ்கட் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். தன்னைத் தடுத்து நிறுத்துகிற திறனைச் சோதனை வைத்து அளந்தபோது அது எந்த அளவுக்குச் சரிந்ததோ அதோடு அந்தக் கூடுதல் ஒத்துப்போனது. எதைச் சாப்பிடுகிறோம் என்பதும் மாறுகிறது. 2015-ல் வெளியான ஒரு டச்சு ஆய்வில் 20 கிராம் ஆல்கஹாலுக்குப் பிறகு ஆண்கள் மதிய உணவில் 11 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அந்தக் கூடுதல் கொழுப்பும் உப்புமான உணவுப் பக்கமே சாய்ந்தது. இனிப்பின் மீது அந்த அளவுக்கு இழுப்பு இல்லை. பொரித்ததையும் காரத்தையும் தேடுகிற உங்கள் கைக்கு ஓரளவு காரணம் இதில் இருக்கிறது. உப்பு சேர்ந்தால் தாகம், தாகத்துக்கு இன்னொரு கிளாஸ் என்று அது சுற்றிக்கொண்டே போகும்.

சூழலையும் விட்டுவிட முடியாது. பலர் சேர்ந்து சாப்பிடும் வேளைகள், தனியாகச் சாப்பிடுவதைவிடப் பெரியதாகவும் நீண்டதாகவும் இருக்கும் என்பது மதுவே இல்லாமலும் நிரூபணமான விஷயம். குடிக்கும் இரவுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. சைடிஷ் தட்டு நடுவில் இருக்கிறது, எவ்வளவு எடுத்தோம் என்று யாரும் எண்ணுவதில்லை, மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். இந்த மூன்று மணி நேரத்தில் ஆல்கஹாலின் பங்கு எவ்வளவு, உட்கார்ந்திருந்ததன் பங்கு எவ்வளவு என்று உங்கள் விஷயத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம் மறுநாளும் இருக்கிறது. ஆல்கஹால் சீக்கிரம் தூங்கவைக்கும், ஆனால் இரவின் பின்பாதித் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் குறைந்த மறுநாள் மனிதர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. குடித்த இரவை மட்டும் கணக்கில் எடுத்துவிட்டு மறுநாள் காலையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொரு உறுதியான விஷயம், கொழுப்பு எரிவது. ஆல்கஹாலைச் சேமித்துவைக்க உடம்பில் இடம் கிடையாது. அதனால் அது உள்ளே வந்ததும் கல்லீரல் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அதை முதலில் கரைக்கப் பார்க்கிறது, மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் என்ற வேகத்தில். அதுவரை கொழுப்பு காத்திருக்க வேண்டியதுதான். 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த சுவிஸ் ஆய்வில், ஒரு நாளின் கலோரியில் கால் பங்கை ஆல்கஹாலாகக் கொடுத்தபோது கொழுப்பு எரிவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆல்கஹால் தானே கொழுப்பாக மாறுவது மிகக் குறைவு. கூடச் சாப்பிட்ட உணவில் இருந்த கொழுப்புதான் எரியாமல் தங்கிவிடுகிறது. பொரித்ததும் மதுவும் சேர்ந்து வரும்போது இது இரட்டை வேலை.

இப்போது, பகலில் பட்டினி கிடந்து இரவுக்கு இடம் வைத்துக்கொள்வது பற்றி. தயவுசெய்து செய்யாதீர்கள். வயிறு காலியாக இருந்தால் ஆல்கஹால் சிறுகுடலுக்குச் சீக்கிரம் இறங்கி ரத்தத்தில் வேகமாக ஏறும். கட்டுப்பாடு அவ்வளவு சீக்கிரம் தளரும். மேலே சொன்ன சர்க்கரை விஷயமும் இங்கேதான் உண்மையாகிறது. நாம் சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் முதலில் சேமிப்பிலிருந்தும், அது தீர்ந்ததும் வேறு பொருட்களிலிருந்து புதிதாக உருவாக்கியும் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருக்கும். ஆல்கஹாலைக் கரைத்துக்கொண்டிருக்கும் கல்லீரலால் அந்தப் புதிய சர்க்கரையைச் சரியாக உருவாக்க முடியாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு குடித்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையை இறக்குகிற சில மாத்திரைகள் எடுப்பவர்கள் இதில் இன்னும் ஆபத்தில் இருக்கிறார்கள், சில நேரம் மறுநாள் வரைக்கும். அதிலும் கொடுமை, சர்க்கரை இறங்கினால் வருகிற தடுமாற்றமும் குழறலும் வியர்வையும் பார்ப்பவர்களுக்குப் போதை மாதிரியே தெரியும். தூங்கவிட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவார்கள். உங்களுக்கு நீரிழிவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், நான் சொல்வது எதையும் பின்பற்றும் முன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

பட்டினிக்குப் பதில் நான் சொல்வது இது. குடிக்கப்போகிற அன்றும் வழக்கமான வேளைகளில் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். முதல் கிளாஸுக்கு முன்பே புரதமும் காய்கறியும் உள்ள முழுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். உணவு வயிற்றில் இருந்தால் ஆல்கஹால் மெதுவாக ஏறும், உச்ச அளவும் குறையும். ஏறிவிட்ட பிறகு சாப்பிட்டால் போதை இறங்கும் என்பது மட்டும் தவறு. ரத்தத்துக்குப் போய்விட்டதைச் சாப்பாடு திரும்ப இழுக்காது. கொறிப்பது இருந்தால் உங்கள் பங்கைத் தனித் தட்டில் முதலிலேயே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவு பின்னால் உங்களுக்கு உதவும். ஒவ்வொரு கிளாஸுக்கும் இடையே தண்ணீர். இவை எல்லாவற்றையும்விடப் பலன் தருவது ஒரு கிளாஸைக் குறைப்பது. 1 அல்லது 4 யூனிட் கொடுத்து ஒப்பிட்ட சோதனையில் கூடுதலாகச் சாப்பிட்டவர்கள் 4 யூனிட் குடித்தவர்கள்தான். ஒரு யூனிட் என்பது 8 கிராம் ஆல்கஹால். அளவு கூடக் கூடச் சாப்பாடும் கூடும் பக்கமே ஆதாரம் சாய்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். பசியைத் தூண்டுகிறது என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, சாப்பிடாத முதியவருக்கோ நோயாளிக்கோ 'பசி எடுக்க ஒரு மூடி' கொடுக்கலாமா என்று யாராவது யோசித்தால், வேண்டாம். மருந்துகளோடு மோதும், கீழே விழவைக்கும், பசியின்மைக்குப் பின்னால் இருக்கிற நோயை மறைக்கும். ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னதையே நானும் சொல்வேன்.

மேலே சொன்ன ஆய்வுகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை இளம் வயது ஆரோக்கியமானவர்களை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டை அளந்தவை. மாதக்கணக்கில் எடை என்ன ஆகிறது என்று கேட்டால் படம் கலங்கிவிடுகிறது. குறைந்த அளவு குடிப்பவர்களிடம் எடை கூடுவது சீராகத் தெரியவில்லை. ஒரேயடியாக நிறையக் குடிப்பவர்களிடம் அந்தத் தொடர்பு தெளிவாக இருக்கிறது. 1991-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஆண்களிடம் ஆல்கஹால் கலோரி மற்ற உணவோடு கூட்டலாகச் சேர்ந்தது. பெண்களிடம் அது ஓரளவு சர்க்கரைக்குப் பதிலாக வந்தது, குடித்த பெண்களின் எடையும் சற்றுக் குறைவாகவே இருந்தது. இதை வைத்து மது மெலியவைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. குடிப்பவர்களும் குடிக்காதவர்களும் வேறு பல விதங்களிலும் வேறுபட்டிருப்பார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் அண்ணனுக்கு வருகிறேன். சொல்லப்போனால் உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்படவைத்தது அவர்தான். தினமும் நிறையக் குடிப்பவரிடம், இரண்டு பெக் குடித்தவரின் கணக்கு எதுவும் செல்லாது. ஒரு நாளில் அவருக்கு வேண்டிய கலோரியில் பாதி வரைகூட மதுவிலிருந்தே வந்துவிடலாம். அந்த இடத்தில் சாப்பாடு தானாக விலகிவிடும். கலோரி வருகிறதே தவிர, அதில் புரதமோ வைட்டமினோ தாதுச்சத்தோ ஏறக்குறைய இல்லை. வயிற்றின் உள்சுவர் புண்ணாகி, சாப்பிட உட்கார்ந்தாலே குமட்டல் வரும். கணையம் கெட்டால் சாப்பிட்ட கொழுப்பும் செரிக்காது. கல்லீரல் கெட்டால் பசியே அடங்கிவிடும். நாள்பட்ட குடியில் கல்லீரல் ஆல்கஹாலைக் கரைக்க இன்னொரு பாதையையும் பெரிதாகத் திறந்துகொள்கிறது. அந்தப் பாதையில் சக்தியின் ஒரு பகுதி உபயோகமில்லாமல் வெப்பமாகப் போய்விடுகிறது. இத்தனை கலோரி குடித்தும் ஆள் மெலிவதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே குடி முதலில் பசியைக் கொஞ்சம் தூண்டுவதும் பின்னால் பசியைத் தின்றுவிடுவதும் ஒன்றை ஒன்று பொய்யாக்குவதில்லை. இரண்டும் வெவ்வேறு அளவில், வெவ்வேறு கட்டத்தில் நடப்பவை.

அவரைப் பார்க்கும்போது கை, தொடை, கன்னம் இவற்றைக் கவனியுங்கள். சதை கரைந்திருக்கிறதா? அதே நேரம் வயிறு மட்டும் உப்பியிருந்தால் அது சாப்பிட்டு வந்த தொந்தியாக இல்லாமல் நீர் கோர்த்ததாக இருக்கலாம். எடைக் கருவி அந்த நீரையும் சேர்த்துக் காட்டுவதால் மெலிவே தெரியாமல் போன நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு அவசரமான விஷயம் தயாமின், அதாவது வைட்டமின் பி1. உடம்பில் இதன் சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். சாப்பிடாமல் குடிப்பவரிடம் அது தீர்ந்துபோகும், உள்ளே போகிற கொஞ்சத்தையும் குடல் உறிஞ்சாதபடி ஆல்கஹால் தடுக்கும். தயாமின் தீர்ந்தால் மூளை பாதிக்கும்: குழப்பம், நடையில் தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு. மூன்றும் ஒன்றாக வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு மூன்றும் சேர்ந்து வருவதில்லை. நேரத்தில் ஊசியாகக் கொடுத்தால் மீட்டுவிடலாம். தாமதித்தால் நினைவாற்றல் திரும்பாமலே போகலாம்.

வீட்டில் நல்லெண்ணத்தோடு செய்கிற இரண்டு காரியங்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஒன்று, பல நாள் சாப்பிடாதவரை உட்காரவைத்து ஒரேயடியாக வயிறு நிறைய ஊட்டுவது. பட்டினியில் வாடிய உடம்புக்குள் திடீரென்று நிறைய உணவு, அதிலும் சர்க்கரையும் மாவுச்சத்தும் போனால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற தாதுக்கள் சட்டென்று சரியும், இதயம்கூடப் பாதிக்கப்படலாம். மிச்சமிருக்கிற தயாமினும் அந்தச் சர்க்கரையைக் கையாளுவதிலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் நாங்கள் தயாமின் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே உணவைக் கூட்டுவோம். இரண்டு, பாட்டிலைப் பிடுங்கி வைத்து ஒரே நாளில் நிறுத்தவைப்பது. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரைக்கும் மனக்குழப்பமும் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதுமாக உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். நிறுத்த வேண்டும்தான், ஆனால் மருத்துவக் கண்காணிப்பில்.

அவரைப் பார்க்காமல், ரத்தப் பரிசோதனை எதுவும் கையில் இல்லாமல், அவருக்கு இதில் எது நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. மெலிவுக்குக் காசநோய், புற்றுநோய், நீரிழிவு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். எல்லாவற்றையும் குடிமேல் போட்டுவிட்டு அவற்றைத் தவறவிடுவதும் நடக்கிறது. எனவே இந்த வாரமே அவரை ஒரு பொது மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். குடியை நிறுத்தச் சொல்லித் தகராறு செய்யாமல், எடை குறைவதைக் காட்டவே போகிறோம் என்று கூப்பிட்டால் பெரும்பாலும் வருவார்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது ஒழுங்காகச் சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குள் ரத்த வாந்தி, கறுத்த மலம், கண் மஞ்சளாவது, பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம், நிற்காத வாந்தியோடு வயிற்று வலி, இதில் எது தெரிந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.